சிவப்புக் குச்சி

திட்டம் முடிந்து முகாம் மூடிய அன்று
மேசையில் மிஞ்சிக் கிடந்தது அது.
மூன்று இலை. மூன்றும் பழைய செருப்புத் தோலாய்ச் சுருங்கி.
பூ எப்போதோ உதிர்ந்த, பாதி காய்ந்த ஒரு தண்டு.
"ஓர்க்கிட்டாம். செத்திட்டுது, எறியடி" என்றாள் சுபோதினி.
அவளேதான் பிறகு ஓட்டோவில்
மாங்குளம் வரைக்கும் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

சட்டியைக் கவிழ்த்தபோது நாறியது.
தொட்ட வேரெல்லாம் தோல் கழன்று நூலாய் நின்றது.
யாரோ நிறையத் தண்ணி விட்டிருக்கிறார்கள்,
அன்பில்தான், வேறென்ன.
மகளின் கத்தரிக்கோலை அடுப்பில் காட்டி
அழுகினதை வெட்டினேன். வெட்டுவாயில் கறுவாத்தூள்.
மிஞ்சினது நல்ல வேர் ஒன்றரை.
பொச்சுத் துண்டும் சிரட்டைக்கரியும் போட்டு நிறுத்தினேன்.
எங்கள் கிணற்றுத் தண்ணி கேத்திலிலேயே வெள்ளை படியும்;
ஐப்பசி மழையைக் கானில் பிடித்து வைத்தேன்.
"எனக்குக் காய்ச்சல் வந்தபோது
இப்பிடிப் பாக்கேல்லை" என்றார் தவேந்திரன்.

தை கழிந்து ஒரு ஞாயிறு,
தண்டில் காயாத பாதியில், இரண்டாம் கணுவில்,
பச்சையாய் ஒரு முனை.
நெல்லுமணி அளவு.

விரல் தானாகப் போனது. தானாகவே நின்றது.
ஒன்பது வருஷம் நான் சம்பளம் வாங்கியது
தெரியாததைத் தொடாமல் இருந்ததற்குத்தான்.
முழங்காலில் நின்று, முகக்கண்ணாடிக்குள் வியர்த்து,
முள்வாரியால் ஒரு நாளைக்குப்
பாய் விரிக்கிற அளவு நிலம்.
நீட்டிக்கொண்டிருக்கும் எதையும்
முதலில் பார். பேர் வைக்காதே.
பக்கத்தில் சிவப்புக் குச்சியை நட்டுவிட்டுப் பின்னுக்கு வா.
அப்படியே செய்தேன்.
கூடாரம் கழற்றிய அன்று என் பையோடு
ஒரு குச்சி வந்திருந்தது.

கரடிப்போக்குச் சந்திப் பூங்கன்றுக் கடைக் கோகிலதாசன்
படத்தைப் பெருப்பித்துப் பார்த்துப் "பூத்தண்டு" என்றான்.
உரம் விற்கிறவன் வேறென்ன சொல்வான்.
கனடாவிலிருந்து மச்சாள்: "வேர். நுனி உருண்டை.
பூவெண்டால் குளிருக்குப் போடுற கையுறை மாதிரி வரும்."
எனக்குத் தெரிந்த கையுறை வேறு.
இது இரண்டும் இல்லை.
வேரைப்போல் கீழே தேடவில்லை.
பூவைப்போல் வெளிச்சத்துக்கு வளையவில்லை.
சுவரைப் பார்த்தபடி நின்றது.

ஒவ்வொரு காலையும் பல்லுத் தீட்டிக்கொண்டே
மனதுக்குள் அறிக்கை எழுதினேன்:
நீளம் நான்கு மில்லிமீற்றர். நிறம் மாற்றமில்லை.
பதினோராம் நாள் நுனி பிளந்தது.
நெஞ்சு ஒருக்கா நின்றுதான் போனது, சொல்ல வெட்கம்.

இலை.
எலிக்காது மாதிரி இரண்டு.
மண்ணில்லாமல், விதையில்லாமல்,
தாயின் முழங்கையில் இருந்து ஒரு பிள்ளை.
வாழையடியில் பிள்ளை வரக் கண்டிருக்கிறேன்.
அந்தரத்தில் வந்து கண்டதில்லை.
தானே பிழைக்குமோ தெரியாத செடி
பூக்க வைத்திருந்த இடத்தில்
தன்னையே இன்னொன்றாய்ச் செய்து வைக்குமாம்.
மச்சாள் வாசித்துச் சொன்னாள்.
"பயத்தில செய்யிறது" என்றாள்.
பயத்தில் என்று நான் நினைக்கவில்லை.
வேறென்ன என்று கேட்டால் சொல்லவும் தெரியவில்லை.

இப்போது அதற்குச் சொந்தமாக ஒரு வேர்,
வெள்ளிப் பச்சை, காற்றுக்குள் நீட்டிக்கொண்டு,
எங்கே இறங்குவது என்று தீர்மானிக்காமல்.

சுபோதினி வந்தாள். அவள் இப்போது
ஆடைத் தொழிற்சாலையில் காற்சட்டைக்குப் பொக்கற் தைக்கிறாள்.
கனநேரம் குனிந்து நின்றாள்.
"இனிச் சிவப்பை எடுத்திட்டு
வெள்ளையைப் போடு" என்றாள்,
துப்புரவாக்கிய காணிக்குச் சொல்வது போல.

எடுத்தேன்.
பிள்ளையின் பாரத்துக்குத் தண்டு சரிந்தது.
இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கை நீட்டினோம்.
குச்சியைத் திரும்ப நட்டு,
தையல் நூலால், இறுக்காமல், ஒரு முடிச்சு.

வெள்ளைக் குச்சி வீட்டில் இருக்கவும் இல்லை.